முதலில் அளப்போம், பிறகு கழற்றுவோம்

மாணவர்களே, கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட்ரோவர்களும் பிக்கப் வண்டிகளும் இன்றும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலருடைய குடும்பத்தின் பிழைப்பே அப்படியொரு டீசல் பிக்கப்பை நம்பி இருக்கலாம். அது புகை கக்கி, மேடு ஏறத் திணறத் தொடங்கினால், “இன்ஜின் போயிடுச்சு, ஹாஃப்கட் போட்டுடலாம்” என்று யாராவது சொல்வார்கள். வெளிநாட்டில் கழித்த வாகனத்தை வெட்டி, இன்ஜினோடு இங்கே கொண்டுவரும் முன்பாதிதான் ஹாஃப்கட்.

எதையும் அளக்காமல் அப்படி முடிவெடுப்பது தவறு என்பது என் கருத்து. காய்ச்சல் என்றதும் எந்த மருத்துவரும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதில்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பழைய வகை இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது, காற்றின் கன அளவு ஏறத்தாழ 20இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதனால் காற்று கடுமையாகச் சூடாகி, பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. நான்காம் படிவ இயற்பியலில் படிக்கும் வாயு விதிகளை இங்கே நினைத்துப் பாருங்கள். காற்று கசிந்தால் அழுத்தம் குறையும், வெப்பம் குறையும், வண்டியின் இழுவையும் குறையும்.

இந்த அழுத்தத்தை ஒரு மானியால் அளக்கலாம். நல்ல நிலையிலுள்ள பழைய டீசல் இன்ஜினில் இது 400 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் இது சுமார் 27 மடங்கு. நான்கு சிலிண்டர்களில் மூன்று 400 காட்டி, ஒன்று மட்டும் 250 காட்டினால், கோளாறு முழு இன்ஜினிலும் இல்லை, ஓரிடத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, அந்தச் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கவனிக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் காற்று சீறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். புகைக்குழாயில் சீறினால் வால்வு சரியாக மூடவில்லை. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட் கசிகிறது அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கிறது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் கேஸ்கெட் பழுதாவது இயல்பு. பல இன்ஜின்களில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக விரியும்.

வால்வு, கேஸ்கெட் கோளாறுகளுக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். வார்ப்பிரும்பை உருக்கவே சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அவ்வளவு ஆற்றல் செலவழித்து வார்த்த நல்ல பிளாக்கை ஒரு கேஸ்கெட்டுக்காகக் கழித்துப்போடுவது வீண்.

மாற்றுவோர் தரப்பிலும் நியாயம் உண்டு. வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது. மாற்றினால் வேலை சீக்கிரம் முடியலாம். பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ, கிராங்க் தண்டு சரிசெய்ய முடியாதபடி கெட்டிருந்தாலோ நானும் மாற்றவே சொல்வேன். ஆனால் ஹாஃப்கட்டில் வருவதும் ஓடித் தேய்ந்த இன்ஜின்தான். எத்தனை முறை சூடேறியது, எண்ணெய் ஒழுங்காக மாற்றினார்களா என்பது நமக்குத் தெரியாது. வாங்கும் முன் அதன் அழுத்தத்தையும் அளக்கத்தான் வேண்டும். கெரானில் இன்ஜின் எண் பதிவாகியிருப்பதால் ஜேபிஜே அனுமதி, வாகனப் பரிசோதனை ஆகியவற்றின் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம் எவ்வளவு? காற்று எங்கே கசிகிறது? பிளாக் நன்றாக இருக்கிறதா? இந்த மூன்றையும் மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். மானியை எடுத்துவந்து காட்டுவார்.