வினாவுக்கு இடமில்லாத மேடைகள்

சர்வதேச அரசியலைப் பற்றிய கருத்தரங்குகளுக்கு நம் கல்லூரிகளில் இப்போது குறைவே இல்லை. இந்தோ-பசிபிக் வியூகம், பலதுருவ உலகம், அண்டை நாட்டு உறவு என்று தலைப்புகள் கம்பீரமாகவே இருக்கின்றன. ஆனால் குத்துவிளக்கும் வரவேற்புரையும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின், சிறப்பு விருந்தினர் எஞ்சிய நேரத்தில் தம் உபந்நியாசத்தை முடிக்கும்போது சாப்பாட்டு வேளை நெருங்கிவிடுவதால், ஐயம் உள்ளவர்கள் அவரைத் தனியே சந்தித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்ற அறிவிப்போடு சபை கலைகிறது. விருந்தினரோ அதற்குள் காரில் ஏறியிருப்பார்.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் நொந்துகொள்வது நியாயமன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொண்டுவந்த விதிகள், கருத்தரங்கில் கட்டுரை படிப்பதையும் ஆசிரியரின் பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணாக்கியபின், பதிவுக் கட்டணமும் சான்றிதழும் ஐ.எஸ்.பி.என். எண்ணிட்ட கட்டுரைத் தொகுதியும் சேர்ந்து ஒரு தனி வியாபாரமாகவே வளர்ந்துவிட்டன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவிக்கு ஒலிபெருக்கியின் முன் நிற்கும் தைரியத்தை இந்த மேடைகளே தருகின்றன என்பதும் உண்மை. ஆகையால் கருத்தரங்கே வேண்டாமென்பது நம் கட்சியன்று.

1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொடக்க காலத்தை நினைத்தால், வினாவுக்கு இடமில்லாத இக்குறை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1935-இல் அங்கே துணைவேந்தராக வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1927-இல் தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலை குறித்துக் கேப்டவுன் உடன்படிக்கை ஏற்பட்டபின் அந்நாட்டுக்கு இந்தியாவின் முதல் ஏஜெண்டாகச் சென்று, நிறவெறி அரசோடு வாதாடித் திரும்பியவர். அங்கே அவர் வகித்த பதவியை அடுத்து வகித்த கே.வி. ரெட்டி நாயுடுவே இங்கேயும் அவருக்குப் பின் துணைவேந்தரானார் என்பது ஒரு விசித்திரப் பொருத்தம். பிற்காலத்தில் அப்பதவிக்கு வந்த சர் சி.பி. ராமசாமி ஐயரும் ஜினீவாவில் சர்வதேச சங்கக் கூட்டங்களில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தவர். இம்மூவருடைய அரசியலையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. சாஸ்திரியாரின் மிதவாதத்தை அக்காலத்து இளைஞர் பலர் பொறுக்கவேயில்லை. ஆயினும் பேரம் நடந்த மேஜையருகில் தாமே இருந்தவரிடம், ‘நீங்கள் ஏன் இவ்வளவோடு விட்டுக்கொடுத்தீர்கள்?’ என்று கேட்க முடியும். பிறர் எழுதியதைத் தொகுத்துத் திரையில் ஓட்டுபவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

உலக விவகாரம் அப்பல்கலைக்கழகம் இருக்கும் இந்தக் கடலூர்க் கரைக்குப் புதிதுமன்று. 1783 ஜூன் மாதத்தில் கடலூர்க் கோட்டையைப் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் காத்து நிற்க, ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை முற்றுகையிட, கடலில் சூஃப்ரேனும் ஹியூஸும் மோதிக்கொள்ள, இரு தரப்பிலும் பெருந்திரளாக மாண்டார்கள். அமெரிக்காவின் சுதந்திரத்தையொட்டி மூண்ட அந்தப் போருக்கு ஐரோப்பாவில் அவ்வாண்டு ஜனவரியிலேயே சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டிருந்தது. செய்தியைச் சுமந்த கப்பல் வந்து சேர்ந்ததோ ஜூன் இறுதியில். எங்கோ முடிவாகும் விஷயம் இங்கே எத்தனை உயிரைக் கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அரசியல் விஞ்ஞான வகுப்புக்குக் கிடைக்குமா? நாம் பார்த்த வரையில், மாணவர்கள் இதைக் கடலூரில் நடந்ததாக அறியாமலே தேர்வெழுதிப் போகிறார்கள்.

இன்றைய உதாரணத்துக்குப் பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் செறிந்த இந்த அலையாத்திக் காட்டின் 1,478 ஹெக்டேர், 1971-இல் ஈரானில் ராம்சர் நகரத்தில் கையெழுத்தான சதுப்புநில உடன்படிக்கையின் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. ஆக, கிள்ளைக்குப் பக்கத்து உப்பங்கழி இன்று ஒரு சர்வதேசப் பொறுப்புக்கு உட்பட்ட நிலம். அந்த உடன்படிக்கை பேசும் ‘விவேகமான பயன்பாடு’ என்பதில், கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் உரிமை எவ்வளவு, வனத்துறையின் அதிகாரம் எவ்வளவு, படகுச் சவாரிக்கு வரும் உல்லாசப் பயணிக்கு இடம் எவ்வளவு? இது ராஜதந்திரமும் சட்டமும் வயிறும் ஒருங்கே கலந்த கேள்வி. அதுபோலவே, 1974-இலும் 1976-இலும் இந்தியாவும் இலங்கையும் வரைந்துகொண்ட கடல் எல்லை, தமிழகத்து விசைப்படகுக்காரருக்குத் தேசப்படத்துக் கோடு மட்டுமன்று. சிறையும் பறிமுதலான படகுமாகும். ‘அண்டை நாட்டு உறவு’ என்று தலைப்பிட்ட மேடைக்கு முடசலோடையிலிருந்து ஒரு மீனவரை அழைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றாதது எதனால்? அவருக்கு ஆங்கிலம் தெரியாதென்பதனாலா, சான்றிதழ் வேண்டாமென்பதனாலா?

நம் யோசனை சுருக்கமானது. அடுத்த கருத்தரங்கைக் கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ, முழுவதும் தமிழில் நடத்துங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமே இருப்பதால், சதுப்புநிலம் அறிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பேசுபவருக்கு அரை மணியும் கேட்பவர்களுக்கு ஒரு மணியும் ஒதுக்கி, கேட்கப்பட்ட வினாக்களைப் பெயரோடு அச்சிடுங்கள். விடை கிடைக்காத வினாக்களையும் விடாமல் சேருங்கள். அவ்வாறு தொகுத்து அனுப்பினால், இந்த இதழில் பக்கம் ஒதுக்க நாம் தயார். பொன்னாடைச் செலவு மிச்சமானால் அதைப் படகுக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம்.