தீ வைத்தவன் என்போம், தீ அணைத்தவன் என்னோம்

மதுரையை எரித்த தீயைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். அத்தீ எவரெவரைத் தீண்டலாகாது என்று கண்ணகி இட்ட ஆணையையும் இளங்கோவடிகள் பதிந்து வைத்திருக்கிறார். விலக்கு அளிக்கப்பட்டோர் வரிசையில் பசுவும் உண்டு. தீ மூட்டியவளுக்குக் கூடலூருக்கு மேலே மலையுச்சியில் கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் ஆயிரக்கணக்கானோர் ஏறிச் சென்று வழிபடுகின்றனர். அன்று மதுரையில் தீயணைக்க ஓடியவர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா? தெரியாது. இந்த மறதி காவியத்தோடு முடிந்துவிடவில்லை. அதே கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் தொடர்கிறது என்பதே நமது குற்றச்சாட்டு.

பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், மேகமலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது இராயப்பன்பட்டி. சண்முகாநதி அணையும் திராட்சைத் தோட்டங்களும் வெளியூராருக்குத் தெரிந்த அடையாளங்கள். மலைமாடு மேய்ப்போர் அவ்வளவாகத் தெரியாதவர்கள். கட்டுத்தறியில் நின்று தீவனம் தின்னும் மாடல்ல மலைமாடு. சரிவேறி மேய்ந்து, சாணத்தால் அடிவார வயல்களுக்கு உரம் தரும் மாடு. அதன் பின்னே நடப்பவருக்கு மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும்; எந்த ஓடையில் எந்த மாதம் வரை நீர் நிற்கும், மாலையில் காற்று எப்பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவர் பள்ளியில் படித்த பாடமல்ல.

மாசியில் புல் காயத் தொடங்கினால் அவரது வேலை இரண்டாகிறது. புகையை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவரே. மாட்டைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓட்டிவிட்டு, தகவல் சொல்லிவிட்டு, கையிலிருக்கும் அரிவாளால் பச்சைக் கிளையை வெட்டிக்கொண்டு தீயை நோக்கி நடக்கிறார். தார்ச்சாலை முடியுமிடத்தில் தீயணைப்பு வண்டியும் நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள கருவிகள் பச்சைத் தழை, மண், அரிவாள், கால்கள் ஆகியவைதாம். சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். ஆகவே தீக்கு மேலே நிற்கக் கூடாது, பக்கவாட்டில் அடித்து ஒடுக்க வேண்டும். எதிரே சருகைக் கூட்டி ஒதுக்கி வெறுமண் கோடு இழுக்க வேண்டும். வனத்துறையின் அடிநிலைக் காவலரும் அவரும் தோளோடு தோள் நின்று இதைச் செய்கின்றனர். காவலருக்குச் சம்பளமோ தினக்கூலியோ உண்டு. மாட்டுக்காரருக்கு என்ன உண்டு? மறுநாள் விசாரணை வந்தால், "நேற்று மலையில் உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வி உண்டு.

இங்கே நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "புதுப்புல் துளிர்க்க வேண்டுமென்று தீ வைப்பவர்களே மாட்டுக்காரர்கள்தாமே?" என்பார்கள். வைப்பவர்கள் உண்டு, அதை நாம் மறைக்கப் போவதில்லை. அவர்களைக் கண்டறிந்து தண்டியுங்கள். அணைக்காமல் எறியப்பட்ட பீடித் துண்டும், தோட்ட வரப்பில் கொளுத்திய குப்பையும் காட்டை எரிக்கின்றன; அதற்காகப் புகைபிடிப்போர் அனைவரையும், தோட்டக்காரர் அனைவரையும் நாம் குற்றவாளி என்பதில்லை. மாட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் ஒருவர் செய்த பிழை குலத்தின் குணமாகிவிடுகிறது. கோடையில் எரிந்த சரிவில் மழை வரும்வரை அவர் மாட்டுக்குத்தானே மேய்ச்சல் இல்லை என்ற எளிய கணக்கைக்கூட நாம் போட்டுப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், 79ஆம் பிரிவில், காட்டில் மாடு மேய்க்க அனுமதி பெற்றவர் தீயைப் பற்றித் தகவல் தரவும் அதை அணைக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. தவறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டுக்கு 1882ஆம் ஆண்டின் தனி வனச் சட்டம் இருக்கிறது என்பதை அறிவோம். நாம் சுட்டுவது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மனப்பாங்கை. மேய்ச்சல்காரரின் உழைப்பு அரசுக்குரிய கடன். அதற்குக் கூலியில்லை, நன்றியில்லை, தவறினால் தண்டனை மட்டும் உண்டு.

இம்மக்களின் தோள் எப்படிப்பட்டது என்பதை 2018 மார்ச் 11 அன்று நாடே கண்டது. போடிக்கு மேலே குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பின்னர் வந்தன. முதலில் ஓடியவர்கள் குரங்கணி வட்டாரத்து ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளரும். போர்வையைத் தொட்டிலாக்கிக் காயம்பட்டோரைச் சுமந்து இறங்கியவர்கள் அவர்கள். அதே ஆண்டு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது, நல்லது. 2024இல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது, அதுவும் நல்லது. சுற்றுலாப் பயணிக்கு வழிகாட்ட உள்ளூர் அறிவு தேவை என்று உணர்ந்தவர்களுக்கு, தீயை அணைக்கவும் அதே அறிவு தேவை என்பது ஏன் உறைக்கவில்லை?

இது உயிர் போகும் வேலை. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், கொற்றம்பத்தூரில், தீயணைக்கச் சென்ற மூன்று வனக் காவலர்கள் கருகி மாண்டனர். தற்காலிகப் பணியாளரும் அவர்களுள் இருந்தனர். ஏட்டில் பெயருள்ளவர்க்கே இக்கதி என்றால், பெயரே இல்லாத மாட்டுக்காரர் மாண்டால் அவர் வீட்டுக்கு யார் பொறுப்பு?

பிற நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவின் தீயணைப்பாளருள் பெரும்பான்மையினர் தன்னார்வலர்கள். 2024 பிப்ரவரியில் டெக்சாஸின் வட பகுதியில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தபோது, சிற்றூர்த் தன்னார்வப் படைகளோடு மாட்டுப் பண்ணைக்காரர்களும் களத்தில் நின்றனர். பணியில் இறக்கும் தன்னார்வலரின் குடும்பத்துக்கும் ஈட்டுத்தொகை தரும் சட்டம் அங்கே 1976 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஊரகத் தீயணைப்புப் படையில் ஏறத்தாழ 70,000 தன்னார்வலர்கள். அவர்களுக்குச் சீருடை உண்டு, பயிற்சி உண்டு, ஊர் நடுவே ஒரு கொட்டகை உண்டு. அங்கே மாடு மேய்ப்பவன் தீயணைத்தால் வீரன். இங்கே அவனே சந்தேக நபர்.

மேகமலை 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, அம்மாதமே அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. மேய்ச்சல் காட்டுக்கு நல்லதா கெட்டதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை; மிகை மேய்ச்சல் கேடு என்பதை நாமும் மறுக்கவில்லை. எனினும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாக ஏற்றதோடு, உரிமையாளருக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் தந்திருக்கிறது. அந்தக் காக்கும் அதிகாரம் ஏட்டில் உறங்க, மாடு மட்டும் மலையிறங்குகிறது. மாட்டோடு, புகையை முதலில் காணும் கண்ணும் இறங்கிவிடும். அந்த இழப்பை எந்தத் துறையும் கணக்கெடுக்கப் போவதில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. மலையடிவாரத்து ஒவ்வோர் ஊரிலும் தீயணைக்க முன்வருவோர் பெயர்களை ஊராட்சியும் வனத்துறையும் ஒரு பதிவேட்டில் எழுதட்டும். தைக்குள் பயிற்சி தரட்டும். தீயடிப்பான், முதுகில் சுமக்கும் நீர்ப்பை, காலுக்கு நல்ல பூட்ஸ் தரட்டும். தீயில் நின்ற நாளுக்குக் கூலி, காயத்துக்கு மருத்துவம், உயிருக்குக் காப்பீடு என்பவற்றை உறுதி செய்யட்டும். மேய்ச்சல் வழக்கு எப்படி முடிந்தாலும் இவற்றைத் தடுக்க ஏதுமில்லை.

முல்லையையும் ஆயரையும் வகுப்பறையில் உருகி உருகி நடத்துகிற தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. சங்கத்து ஆயருக்கு மதிப்பெண் போடுகிறோம். இராயப்பன்பட்டி ஆயர் நம் கண்ணில் படுவதேயில்லை. பாட்டில் இருப்பவரைப் போற்றி, பக்கத்தில் இருப்பவரைப் பழிப்பதற்குத் தமிழ்ப்பற்று என்று பெயர் சூட்ட வேண்டாம். அடுத்த மாசிக்குள் அந்தப் பதிவேட்டில் முதல் பெயர் ஏறட்டும்.