படியெடுத்து வைத்தல்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து திரு.வி.க. பாலத்தின் வழியாக அடையாற்றைக் கடந்து சென்றால், சிறிது தொலைவில் பெசன்ட் நகர் வரும். அங்கே டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. 1943ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிலையத்தில், ஐயர் ஊர்தோறும் அலைந்து தேடிய ஓலைச்சுவடிகள் காக்கப்பட்டு வருகின்றன. ராஜா அண்ணாமலைபுரத்தில் வாழும் நான் அங்குப் பலமுறை சென்றிருக்கிறேன். ஆயினும், அச்சுவடிகளின் அருமையை எனக்கு முழுதும் உணர்த்தியது என் வீட்டுக் கணினியே என்றால் நீங்கள் நகைக்கக்கூடும்.

என் பிறந்த ஊர்ப் பக்கத்து உழவர் வழங்கும் சொற்களை எட்டு ஆண்டுகளாகத் தொகுத்து வந்தேன். ஒருநாள் மாலை, வேண்டாத பழைய கோப்புகளை நீக்கத் தொடங்கினேன். அவற்றோடு அத்தொகுப்பு முழுவதையும் நீக்கிவிட்டேன். நீக்கிய கோப்புகள் சேரும் ‘ரீசைக்கிள் பின்’ என்னும் தொட்டியையும் காலி செய்துவிட்டேன். பிழை தெரிந்ததும் உள்ளம் பதறியது. மீட்டுத் தரும் என்று சொல்லப்படும் மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி, ஒரு மணி நேரம் போராடினேன்.

அடுத்த வீட்டு இளைஞர் கணினி பழுது நீக்குவதில் வல்லவர். அவர் வந்து பார்த்ததும், “ஐயா, இனி ஒன்றையும் தொடாதீர்கள், உடனே நிறுத்திவிடுங்கள்” என்றார். அதன் காரணத்தையும் விளக்கினார். நூலகத்தில் ஒரு நூலின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், நூல் உடனே மறைந்துவிடுவதில்லை, அடுக்கிலேதான் இருக்கும். ஆனால் அவ்விடம் காலி என்று எண்ணும் நூலகர், புது நூல் வரும்போது பழையதை எறிந்துவிட்டு அங்கே அதை வைத்துவிடுவார். கணினியின் வன்தட்டிலும் நிகழ்வது இதுவே. மீட்கும் ஆவலில் நான் இறக்கிய மென்பொருள்களே என் எழுத்தின்மேல் போய் அமர்ந்துவிட்டன!

மூன்று நாள் முயன்று அவர் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார். இரண்டு இயல்கள் மட்டும் பொருளற்ற குறிகளாகவே வந்தன. நீர்ப்பாய்ச்சல் பற்றியும் மாட்டு நோய் பற்றியும் அமைந்த சொற்கள் அவை. அவற்றை எனக்குச் சொன்ன முதியோர் இருவரும் இப்பொழுது உயிருடன் இல்லை.

இவ்வளவேனும் மீண்டது என் கணினி பழையது என்பதனால்தான். புதிய கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்கள், நீக்கிய இடத்தைத் தாமே விரைவில் துடைத்துவிடுகின்றன. ஆகவே மீட்பை நம்பி வாழ்வது, கிணற்றில் விழுந்த பின் கயிறு தேடுவதை ஒக்கும்.

ஐயர் பட்ட துயரை நினைத்துப் பாருங்கள், மாணவர்களே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உள்ளன என்று நம்பி அவர் சென்றார். பழுதுபட்ட அந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே கூறினர். இட்டவர் பகைவர் அல்லர். நல்லது செய்வதாகவே எண்ணினர். நானும் அன்று மாலை அப்படித்தான் எண்ணினேன். ஒரு நூல் பிழைத்தது என்றால், அதற்கு வேறோர் ஊரில், வேறொரு வீட்டில் மற்றொரு படி இருந்ததே காரணம். ஐயர் பல படிகளை ஒப்புநோக்கி, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பி, 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அப்படியும் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப் பத்தும் இல்லை.

ஓலையில் எழுத்தாணியால் ஒரு நூலைப் படியெடுக்க நாள்கள் பல ஆகும். நமக்கோ சில நொடிகள் போதும். இருந்தும் நாம் எடுப்பதில்லை! இதற்குச் சோம்பலைவிட, “எல்லாம் இணையத்தில் இருக்கிறது” என்னும் நம்பிக்கையே பெரிய காரணம் என்பது என் கருத்து. கணினியோடு இணைந்தே இயங்கும் இணையச் சேமிப்பு கண்ணாடி போன்றது. இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்கும். நீக்கியதைச் சில நாள்கள் வைத்திருந்து தருவதும் உண்டு. அந்நாள்கள் கடந்தபின் கேட்டுப் பயனில்லை.

படி இருக்கும் இடமும் கருதத்தக்கது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. ஒரே அறையில் கணினியையும் படியையும் வைத்திருந்தால், அத்தகைய வெள்ளம் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களை மீண்டும் வாங்கலாம். வேறெங்கும் படி இல்லாத சுவடிகளை எங்கே போய் வாங்குவது?

எடுத்த படியைத் திறந்து பார்த்தல் வேண்டும். அமெரிக்காவில் பிக்சார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தை உருவாக்கி வந்தபோது, 1998இல் யாரோ தவறாக இட்ட ஒரு கட்டளையால் அதன் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் படியை எடுத்துப் பார்த்தால், அதுவும் பழுதுபட்டிருந்தது! குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணிசெய்து வந்த ஓர் அம்மையாரின் கணினியில் இருந்த படியே அவர்களைக் காத்தது.

இப்பொழுது சனிக்கிழமைதோறும் நான் இரு படிகள் எடுக்கிறேன். ஒன்றை வீட்டில் வைக்கிறேன். மற்றொன்று மதுரையில் என் தமக்கையார் வீட்டில் இருக்கிறது. அங்குச் செல்லும்போதெல்லாம் புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கித் திறந்து பார்க்கிறேன். “இந்தச் சிறு பெட்டிக்கா இவ்வளவு காவல், தம்பி?” என்று அவர் கேட்பது வழக்கம். சொற்றொகுப்பு அச்சுக்கு ஆயத்தமாகிவிட்டது. இழந்த இயல்கள் இரண்டின் தலைப்புகளையும் நீக்காமல், அவற்றின் கீழ் வெற்றிடம் விட்டிருக்கிறேன்.