எவரும் கவனிக்காத அழைப்பு

டயகமவிலிருந்து மாணவ நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்திருக்கிறார். தமது ஊர் வாசிகசாலைக்கு நன்கொடையாகக் கிடைத்த பழைய கணனி ஒன்றிலே லினக்ஸ் இயங்குதளத்தை அவர் நிறுவினாராம். கணனி நன்றாகவே தொடங்குகிறது. ஆயினும் கால் மணி நேரம் சென்றதும் வலையமைப்பு நின்றுவிடுகிறது; மவுஸும் அசைய மறுக்கிறது. அப்போது திரையில் தோன்றும் ஆங்கில வாசகம், "பதினாறாம் அழைப்புத் தடம்: எவரும் கவனிக்கவில்லை" என்னும் பொருளுடையது. "கெட்டுப்போனது எது? கணனியை எறிந்துவிடலாமா?" என்று அன்பர் வினவுகிறார்.

எறிய வேண்டாம் என்பதே நமது முதல் விடை. காரணத்தைச் சற்று விரித்துரைப்போம்.

கணனியின் மூளையாகிய செயலி ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும் போது, விசைப்பலகையோ வலையமைப்பு அட்டையோ தன்னைக் கவனிக்குமாறு அழைக்க வேண்டியிருக்கிறது. இவ்வழைப்புக்கு ‘இன்டரப்ட்’ என்று பெயர். கதவு தட்டும் ஓசை கேட்டதும் அடுப்பிலுள்ள பாத்திரத்தை இறக்கிவைத்து, வந்தவரை விசாரித்தனுப்பி, மீண்டும் சமையலுக்குத் திரும்பும் தாயாரைப் போலச் செயலியும் நடந்துகொள்கிறது. அழைத்தவர் யார் என்று அறிந்து உரிய இடத்தில் சேர்ப்பிப்பது, இயங்குதளத்தின் உட்கருவாகிய ‘கேர்னல்’ ஆற்றும் பணியாகும்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணனியில் இத்தகைய அழைப்புத் தடங்கள் 8 மட்டுமே இருந்தன. 1984இல் வந்த மாதிரியில் பயன்படத்தக்கவை 15 ஆயின. பின்னர் கருவிகள் பெருகவே, பல கருவிகள் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

மலையக வாசகருக்கு இந்நிலை புதிதன்று. லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இல்லாமையால், நெடுங்காலமாகத் தோட்டத்தின் பெயருக்கே கடிதங்கள் வந்து, கந்தோர் வழியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இக்குறை இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை நாள் கழிந்த பின் கைக்கு வந்த துயரத்தை அறியாத தோட்டம் உண்டோ?

கேர்னலும் அவ்வாறே, ஒரு தடத்தில் அழைப்பு வந்ததும், அத்தடத்திற்குரிய ‘டிரைவர்’ எனப்படும் துணை நிரல்களை ஒவ்வொன்றாக அணுகி, "இது உம்முடையதா?" என்று கேட்கிறது. உரிய நிரல் ஏற்றுக்கொண்டால் தொல்லையில்லை. ஆனால், எந்தக் கருவி எந்தத் தடத்தில் அழைக்கும் என்னும் அட்டவணையைக் கணனியுடன் வரும் ‘பயோஸ்’ நிரலே தருகிறது. அவ்வட்டவணை பிழையாயின் என்ன நேரும்? பதினேழாம் தடத்துக்குரியது என்று எழுதப்பட்ட கருவி, உண்மையில் பதினாறாம் தடத்தில் அழைக்கும். அங்குள்ள நிரல்கள் யாவும் "எமதன்று" என்று கைவிரிக்கும். விடை கிடைக்காத கருவியோ ஓயாது அழைத்துக்கொண்டேயிருக்கும். 1,00,000 அழைப்புகளில் 99,900 அழைப்புகளை எவரும் ஏற்காவிடின், கேர்னல் அத்தடத்தையே அடைத்துவிடுகிறது. அதனால் அத்தடத்தைப் பகிர்ந்துகொண்ட குற்றமற்ற கருவிகளும் வாயடைக்கப்படுகின்றன. அன்பரது கணனியில் வலையமைப்பும் மவுஸும் ஒருங்கே நின்றமைக்கு இதுவே காரணமாதல் கூடும். கெட்டவை அவையல்ல, மூன்றாவது கருவி ஒன்றின் அழைப்பு வழி தவறி வந்திருக்க வேண்டும்.

அட்டவணையைப் பிழையாக எழுதியவர் தயாரிப்பாளர், இடர்ப்படுபவரோ பயனாளர். ஆதலின் லினக்ஸ் கேர்னலை எழுதுவோர், விதிவிலக்குகளின் பட்டியல்களைப் பேணி வருகின்றனர். மெடியன் எம்.டி. 9580, டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ். 1, எச்.பி. டி 5710 ஆகிய கணனிகளின் பெயர்கள் அத்தகைய பட்டியல் ஒன்றில் உள்ளன. "இக்கணனி இன்ன இணைப்பைச் சொன்னால், வேறு இன்ன இணைப்பு என்று கொள்க" என்பதே அதன் சாரம். வியா நிறுவனத்தின் சில சில்லுகளில் வேறொரு விசித்திரம் உண்டு. பிறவற்றில் வெறும் தகவலாக எழுதிவைக்கப்படும் தட எண், இவற்றில் அழைப்பு செல்லும் வழியையே தீர்மானிக்கிறது. ஆகவே கேர்னல், சரியான எண்ணைத் தானே அங்கு எழுதிவிடுகிறது.

அன்பர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவதாக, தயாரிப்பாளர் புதிய பயோஸ் வெளியிட்டிருப்பின் அதனை நிறுவுக. இரண்டாவதாக, கணனி தொடங்கும் போது ‘ஐ.ஆர்.கியூ.போல்’ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் சேர்த்துப் பார்க்க. உரியவர் இல்லாத அழைப்பு வந்தால், எல்லாத் தடங்களின் நிரல்களையும் விசாரிக்குமாறு அது கேர்னலைப் பணிக்கிறது. வேகம் சற்றுக் குறையினும் வேலை நடக்கும். மூன்றாவதாக, கணனியின் மாதிரிப் பெயரையும் திரையில் கண்ட செய்தியையும் கேர்னலைப் பேணுவோருக்கு எழுதியனுப்புக. இம்மூன்றாவதே தலையாயது. பட்டியலிலுள்ள விலக்குகள் பல, இவ்வாறு யாரோ ஒருவர் இடர்ப்பட்டு, பொறுமையுடன் எழுதித் தெரிவித்தமையால் சேர்ந்தவையே. தெரிவியாத பிழைக்குப் பரிகாரம் ஏது?

ஆயினும் விலக்குப் பட்டியல் தற்காலிக மருந்தே. நிலையான மருந்துக்கு 1998இல் வழி பிறந்தது. அவ்வாண்டு வெளிவந்த பி.சி.ஐ. விதிமுறையின்படி, ஒரு கருவி பொதுத் தடத்தில் மணியடிக்க வேண்டுவதில்லை. தனக்கெனக் குறித்த நினைவக முகவரியில் ஒரு சிறு எண்ணை எழுதினாற் போதும். யார் அழைத்தார் என்ற விசாரணைக்கே இடமில்லை. பிற்காலக் கணனிகளில் இம்முறையே பெரிதும் வழங்குகிறது.

தனி முகவரி ஒன்று வாய்த்ததும் இயந்திரங்களிடையே இத்தனை குழப்பம் தீர்ந்தது. மனிதருக்கும் அஃது எத்துணை இன்றியமையாதது என்பதை, லயத்து அறையிலிருந்து கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.