மரத்தை வெட்டினா நோய் போயிடுமா?



கேரளாவில் நிபா காய்ச்சல் என்று டி.வி.யில் செய்தி வந்தால் போதும். "வௌவால் தொங்குற மரத்தை முதல்ல வெட்டுங்கப்பா" என்று டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிடும். நம்ம வகுப்பிலும் சிலர் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மரத்தை வெட்டினால் நோய் போகாது, கிட்டேதான் வரும் என்பது என் கருத்து.

பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா வந்து 17 பேர் இறந்தார்கள். பழந்தின்னி வௌவாலிடம் அந்தக் கிருமி இருப்பதும் உண்மைதான். ஆனால் வௌவால் நேற்று வந்ததா? தாத்தா காலத்துக்கு முன்னாடியிருந்தே நம்ம தலைக்கு மேலதானே தொங்குது! அப்போ மாறியது எது?

நிபாவை முதன்முதலில் கண்டுபிடித்தது மலேசியாவில். அங்கே 1998, 1999இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காடு இருந்த பக்கம் பெரிய பெரிய பன்றிப் பண்ணைகள் வந்தன. பண்ணையை ஒட்டியே மாந்தோப்பும் வைத்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து பண்ணை ஆட்களுக்கு நோய் வந்தது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். வௌவால் நம்மைத் தேடி வரவில்லை. நாம்தான் அதன் இடத்துக்குப் போனோம்.

சரி, வௌவாலையே ஒழித்துவிட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் கிட்டாகா என்று ஒரு சுரங்கம். 2007இல் அங்கே வேலை செய்தவர்களுக்கு மார்பர்க் என்ற கொடிய காய்ச்சல் வந்தது. உடனே சுரங்கத்தில் இருந்த வௌவால்களை எல்லாம் கொன்றார்கள். கொஞ்ச வருஷத்தில் வேறு வௌவால்கள் வந்து குடியேறின. சோதித்துப் பார்த்தால், முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கிருமி! 2012இல் அந்தப் பகுதியில் திரும்பவும் நோய் வந்தது. கொன்றதால் என்ன லாபம்?

நம்ம ஊர்க்கதைக்கு வருவோம். பழந்தின்னி வௌவால்தான் இலுப்பை விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுது. பூச்சி தின்னும் சின்ன வௌவால் ராத்திரியில் பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னுது. 2018இல் நம்ம பக்கம் மக்காச்சோளத்தை நாசம் பண்ணிய படைப்புழுவின் தாய்ப்பூச்சியும் ராத்திரியில் பறக்கிறதுதான். மரத்தை வெட்டினால் அந்த வௌவால் கூட்டம் எங்கே போகும்? நம்ம வீட்டு மாமரத்துக்கும் கொய்யாவுக்கும்தான்!

இன்னொன்று. 2020 மே மாதம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கொரோனா அதிகமாக வந்தது எப்படி? சென்னை கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலமாக. பாவம், அவங்க மேலயும் தப்பில்லை. வேலை போச்சு, சொந்த ஊருக்கு வந்தாங்க. ஆனால் கிருமி எங்கே பிறந்தாலும், அதை ஊர் ஊராகக் கொண்டுபோவது மனிதக் கூட்டம்தான், வௌவால் இல்லை என்று அதிலிருந்து தெரியுது இல்லையா?

அதனால் நண்பர்களே, வௌவால் மரத்தில் கல்லெறிய வேண்டாம், அடியில் வெடி போட வேண்டாம். அணில் கடித்ததோ வௌவால் கடித்ததோ, கீழே கிடக்கும் பழத்தைத் தின்ன வேண்டாம். எந்தப் பழத்தையும் கழுவித் தின்போம். பதநீர்ப் பானையை மூடிக் கட்டச் சொல்வோம். செத்துக் கிடக்கும் வௌவாலைக் கையால் தொட வேண்டாம். இவ்வளவு செய்தாலே போதும், கோடரிக்கு வேலையே இல்லை.

அதன் இடத்தில் அது இருக்கட்டும். நம் இடத்தில் நாம் இருப்போம்!

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி