மச்சம், மரு லேசர்: எடுக்கறது அஞ்சு நிமிஷம், கவனிக்கறது மூணு மாசம்! வெயிலில் வேலை செய்றவங்க என்ன செய்யணும்?

'மச்சமா? மருவா? அஞ்சே நிமிஷத்தில் எடுத்துடலாம்!' செல்போனைத் திறந்தாலே இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. ஒரு மச்சத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று விலையும் கூடவே வருகிறது. எடுத்த இடம் ஆற எத்தனை நாள் ஆகும், அதுவரை வெயிலில் வேலைக்குப் போகலாமா என்பது மட்டும் அந்த விளம்பரத்தில் இருக்காது.

திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம், பழனி போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். இந்தோ-இஸ்ரேல் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பலருக்கும் தோட்ட வேலைதான் பிழைப்பு. இப்படிப்பட்ட ஊரில் லேசர் செய்துகொண்டவரிடம் 'வெயில்ல போகாதீங்க' என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினால் அது அறிவுரையே ஆகாது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. போனால், மச்சம் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய கரும்புள்ளி வந்து உட்காரலாம்.

இதைத் தவிர்க்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கான திட்டம் லேசருக்கு முன்னாடியே தொடங்க வேண்டும்.

லேசர் செய்த இடத்தில் என்ன நடக்கிறது?

மச்சம், மரு எடுக்கப் பெரும்பாலும் பயன்படுவது கார்பன் டை ஆக்ஸைடு லேசர். தோலின் செல்களில் இருக்கும் தண்ணீரை இது ஒரு நொடிக்குள் சூடாக்கி ஆவியாக்கிவிடும். தேவையில்லாத திசு அடுக்கு அடுக்காகக் கரைந்து போகும். மரத்துப்போக மருந்து கொடுப்பதால் வலி அதிகம் தெரியாது. ரத்தமும் பெரிதாக வராது.

ரத்தம் வரவில்லை என்பதால் காயமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த இடம் சின்னதாக ஒரு தீக்காயம் மாதிரிதான். அது ஆறும்போது தோலின் நிறமிச் செல்கள் தூண்டப்படும். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இந்தச் செல்கள் ரொம்பவே சுறுசுறுப்பு. கொசு கடித்த இடமும் பரு வந்த இடமும் மாதக்கணக்கில் கறுப்பாக நிற்பது இதனால்தான். லேசர் செய்த இடத்தில் வெயிலும் சேர்ந்து பட்டால் கருமை இன்னும் கூடும், மறைய இன்னும் நாளாகும்.

திண்டுக்கல் பகுதி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில்தான் இருக்கிறது. இங்கே கோடை உச்சி வெயிலில் புற ஊதாக் கதிர் அளவு உலக சுகாதார அமைப்பின் அளவுகோலில் 11-ஐத் தாண்டி, 'மிக அபாயம்' என்ற கட்டத்துக்கே போகும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. புதுத்தோல் ஆறிவர வேண்டியதும் இதே வெயிலில்தான்.

எல்லாத்தையும் லேசரில் எடுக்கலாமா?

கூடாது. முதலில் அது என்ன என்று தெரிய வேண்டும்.

கழுத்திலும் அக்குளிலும் சின்னதாகத் தொங்குவதையும் மரு என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது வைரஸால் வருவதில்லை, வெறும் தோல் வளர்ச்சி. திடீரென்று நிறைய வந்தால் சர்க்கரை அளவைப் பரிசோதிப்பது நல்லது. கை, கால், முகத்தில் சொரசொரப்பாக வருவது வேறு. அதற்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். அதை லேசரில் எடுத்தாலும் பக்கத்துத் தோலில் வைரஸ் மிச்சம் இருந்தால் திரும்ப வரலாம். இதற்கு சாலிசிலிக் அமில மருந்து, திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது போன்ற வழிகளும் இருக்கின்றன. எல்லோருக்கும் லேசர்தான் வேண்டும் என்பதில்லை.

மச்சத்தில்தான் அதிக எச்சரிக்கை தேவை. ஒரு பாதி மறு பாதி மாதிரி இல்லை, ஓரம் கோணல்மாணலாக இருக்கிறது, ஒரே மச்சத்தில் பல நிறம் தெரிகிறது, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது, சமீபத்தில் வளர்கிறது, அரிக்கிறது, ரத்தம் கசிகிறது. இதில் எது இருந்தாலும் லேசர் பக்கமே போகக் கூடாது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இந்தியர்களுக்கு வருவது அபூர்வம். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருவது அதிகம். சந்தேகமான மச்சத்தை வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். லேசரில் சுட்டுவிட்டால் பரிசோதிக்கத் திசுவே மிஞ்சாது.

இன்னொரு சின்ன விஷயம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதியிருப்பது பெரும்பாலும் மச்சம்தான். அந்த மச்சத்தையே எடுப்பதாக இருந்தால், எடுப்பதற்கு முன் ஒரு போட்டோவும் சிகிச்சைச் சீட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

யார் செய்யலாம்?

அழகு சிகிச்சைகள் பற்றி தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்கள்தான் இவற்றைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்று அதில் சொல்லப்பட்டது. சென்னையில் 2016-ல் முடி மாற்று சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மையத்துக்கு சீல் வைக்கப்பட்டது. அது வேறு சிகிச்சைதான். ஆனால் 'அழகுக்குத்தானே, இதுல என்ன ஆகப்போகுது' என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்து என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகள் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். உள்ளே போனதும் பதிவுச் சான்று எங்கே, லேசர் செய்பவரின் மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. பியூட்டி பார்லரில் 'ஆஃபர்' போட்டிருக்கிறார்கள் என்பதற்காக உட்காரக் கூடாது.

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டி, எடுக்க வேண்டியதுதானா என்று முதலில் தெரிந்துகொள்ளலாம்.

நாள் கணக்கில் என்ன செய்யணும்?

முதல் நாள்: சிவப்பு, லேசான வீக்கம், எரிச்சல் இருக்கும். துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு ஒத்தடம் கொடுக்கலாம். அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் முதல்: மென்மையான சோப்பும் சுத்தமான தண்ணீரும் வைத்து தினம் இரண்டு முறை மெதுவாகக் கழுவ வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பு அல்லது பெட்ரோலியம் ஜெல்லி மெலிசாகத் தடவ வேண்டும். 'புண்ணைக் காய விடணும்' என்பது பழைய நம்பிக்கை. ஈரப்பதம் இருந்தால்தான் புண் சீக்கிரம் ஆறும், தழும்பும் குறையும்.

மூன்றாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: பக்கு கட்டும், அரிக்கும். பிய்க்கவே கூடாது. அது தானாக விழ வேண்டும். முகத்தில் 7 முதல் 10 நாளில் விழுந்துவிடும். கழுத்து, உடம்பில் இரண்டு வாரம் ஆகலாம். காலில் அதற்கும் மேல் ஆகும்.

பக்கு விழுந்த பிறகு: புதுத்தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். 'ஆறிடுச்சு' என்று பலரும் கவனிப்பை நிறுத்துவது இந்த நேரத்தில்தான். கருமை உருவாவதும் இந்த நேரத்தில்தான். அடுத்த 2, 3 மாதத்துக்கு வெயில் படாமல் காப்பாற்ற வேண்டும்.

மஞ்சள், டூத்பேஸ்ட், காபித்தூள், விபூதி எதையும் புண்ணில் போடக் கூடாது. பிளீச், ஸ்க்ரப், ஃபேஷியல் எல்லாவற்றையும் மருத்துவர் சொல்லும் வரை தள்ளிவைக்க வேண்டும். கழுத்தில் எடுத்திருந்தால் தாலிச் சரடும் செயினும் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெற்றியில் எடுத்திருந்தால் ஸ்டிக்கர் பொட்டு வேண்டாம். வைரஸ் மருவாக இருந்தால் துண்டு, ஷேவிங் ரேசரை வீட்டில் யாருடனும் பகிரக் கூடாது.

தோட்ட வேலைக்குப் போறவங்க என்ன செய்யலாம்?

முதல் வழி, நாளைத் தேர்ந்தெடுப்பது. சித்திரை, வைகாசி வெயிலில் செய்வதைவிட ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் செய்துகொண்டால் வெயிலின் தாக்கம் குறைவு. வேலை குறைவாக இருக்கும் வாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள், மொட்டை போட வேண்டியவர்கள் அதை முடித்துவிட்டு வந்து செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது, துணி. புண் ஆறும் வரை சன்ஸ்கிரீன் தடவக் கூடாது. அதுவரை துணிதான் பாதுகாப்பு. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி வேலை செய்வது நம் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கம்தான். அந்தத் துண்டைக் கன்னத்தையும் கழுத்தையும் மறைக்கிற மாதிரி இறக்கிக் கட்டினால் போதும். புண் மேல் மருத்துவர் சொல்லும் சின்ன பிளாஸ்திரியும் ஒட்டிக்கொள்ளலாம். வியர்வையில் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். பக்கு விழும் வரை பூச்சிமருந்து அடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, புண் மூடிய பிறகு சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வெளியில் வேலை செய்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும். எடுத்த இடம் சின்னது என்பதால் கொஞ்சம் தடவினாலே போதும். ஒரு ட்யூப் பல வாரம் வரும்.

நான்காவது, நேரம். காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் வெயிலின் புற ஊதாக் கதிர் குறைவு. நடுப்பகல் வேலையை நிழலுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கலாம்.

கல்யாணத்துக்கு முன்னாடி செய்துகொள்ளலாமா?

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் லேசர் செய்தால், கல்யாண போட்டோவில் மச்சம் இருக்காது. ஆனால் சிவப்பு, பக்கு, கருமை ஏதாவது ஒன்று இருக்கும். அதன் மேலேயே மேக்கப்பும் போட வேண்டி வரும். குறைந்தது மூன்று மாதம் முன்னால் முடிப்பதே பாதுகாப்பு.

கருப்பாயிடுச்சு, மெடிக்கல்ல க்ரீம் வாங்கலாமா?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. கடையில் கேட்டு வாங்கும் 'வெளுக்க வைக்கும்' க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலை மெலிதாக்கும், பரு வரவைக்கும், நிறுத்தினால் கருமை திரும்ப வரும். ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியைக் கடுமையாக்கியது. வெயிலைத் தவிர்த்தாலே பெரும்பாலான கருமை சில மாதங்களில் தானாக மங்கும். மங்காவிட்டால் லேசர் செய்த மருத்துவரிடமே போக வேண்டும்.

எப்போ உடனே டாக்டரைப் பார்க்கணும்?

மூன்று நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், சீழ் அல்லது நாற்றம் வந்தால், சிவப்பு பரவினால், காய்ச்சல் அடித்தால் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்த அனுபவம் இருந்தால், அதை லேசருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எடுத்த இடத்தில் மச்சம் திரும்பக் கறுத்தால் இரண்டாவது முறை லேசர் போடுவதற்கு முன் பயாப்சி வேண்டுமா என்று கேட்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

லேசர் கட்டணத்தைக் கேட்கும்போதே இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட வேண்டும்: 'எத்தனை நாள் வெயிலில் போகக் கூடாது? நான் தோட்ட வேலைக்குப் போறேன், அதுக்கு என்ன வழி?' இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத இடத்தில் மச்சத்தைக் கொடுக்காமல் திரும்பி வருவதே நல்லது.