விராலிமலைக்குச் செல்லும் நம் குழு

ஆண்டு மலரில் ஓர் ஆட்டத்தைப் பற்றி முன்கூட்டி எழுதுவது பேதைமையாகத் தோன்றலாம். இக்கட்டுரை அச்சகம் செல்லும் இந்நாளில் அவ்வாட்டத்திற்கு இன்னும் எட்டு நாட்கள் உள்ளன. மலர் அன்பர்களின் கையை அடையும்போதோ அதன் முடிவு யாவர்க்கும் தெரிந்திருக்கும். ஆதலின் வெல்பவர் யாவர் எனக் குறி சொல்ல யாம் முற்படவில்லை. முடிவு எதுவாயினும் மாறாத ஒன்றைக் கூறவே எழுதுகோல் எடுத்தோம்.

நம் கல்லூரிக் காற்பந்தாட்டக் குழு, இவ்வாண்டின் இரண்டாம் ஆட்டத்தை ஆடி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் விராலிமலையில் ஆட இருக்கின்றது. எதிர்த்து நிற்போர் பெயர் பெற்ற கல்லூரியினர் அல்லர். பகலெல்லாம் வயலிலும் தொழிற்சாலையிலும் உழைத்து, மாலையில் ஒரு மணி நேரம் பந்துடன் பழகும் அவ்வூர் இளைஞரே. ஆட்ட அட்டவணை ஒட்டப்பெற்ற அன்று விடுதியின் உணவுக்கூடத்தில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. “விராலிமலையா? அங்கே மயில்களல்லவோ ஆடும்!” என்றார் ஒருவர். யாமும் உடன் நகைத்தோம். எம் வகுப்பு நண்பர் ஒருவர் மட்டும் நகைக்கவில்லை. “அக்குழுவின் கோல் காப்பவர் என் தமையனார்” என்று மெல்லக் கூறிவிட்டு, பாதி உண்ட தட்டுடன் எழுந்து சென்றார். அன்றிரவு எமக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. இக்கட்டுரையை அந்நகைப்பிற்கு யாம் தேடும் கழுவாய் எனக் கொள்ளினும் இழுக்கில்லை.

நிற்க. இப்போது கல்லூரியில் எழுந்துள்ள பேச்சு யாதெனின், அடுத்த வாரம் பெரும் போட்டிகள் தொடங்கவிருத்தலால், விராலிமலைக்கு இரண்டாங் குழுவை அனுப்பினாற் போதும் என்பதே. இது தகாது என்பது எம் துணிபு.

வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவர் வலி என நான்கினையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்குக என்கின்றார். நாம் தூக்கியிருப்பது தன் வலி ஒன்றனையே. மாற்றான் வலியை நம்மில் யாரேனும் கண்டதுண்டா? காணாத வலியைச் சிறிதென்று எவ்வாறு அளந்தோம்? “இவன் இளையன்” என்று நெடுஞ்செழியனை இகழ்ந்த எழுவர்க்குத் தலையாலங்கானத்தில் நேர்ந்ததைத் தமிழ் மாணவராகிய யாம் தேர்வுக்குப் படிக்கின்றோம். கோலியாத்தின் கதையையோ நம்மிற் பலர் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டோம். கேட்டும் உணவுக்கூடத்தில் நகைத்தோம்.

காற்பந்தின் வரலாறும் இதனையே கூறும். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் குழு இரண்டிற்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்டது. வென்ற பதினொருவருள் சுதிர் சாட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர் ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். ஏனைப் பதின்மரும் வெறுங்காலினர். வெறுங்காலைக் கண்டு நகைத்தோர் அன்று மாலை என் செய்தனரோ!

நம் கண் முன்னரே நிகழ்ந்ததும் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், உலகக் கோப்பையில் தன் முதல் ஆட்டத்திலேயே அர்ஜெண்டினா சவூதி அரேபியாவிடம் தோற்றது. அதற்கு முன் முப்பத்தாறு ஆட்டங்களில் தோல்வி காணாத குழு அது. பத்தாம் நிமிடத்திலேயே மெஸ்ஸி பெனால்டியால் ஒரு கோல் போட்டுவிட்டார். ஆயின் சவூதிக் காவலர் தம் கோலுக்கு அருகில் ஒதுங்கி நில்லாது, துணிந்து முன்னேறி வரிசையாக நின்றனர். அதனால் முற்பாதியில் அர்ஜெண்டினா உட்செலுத்திய மூன்று பந்துகள் ஆப்சைடு என்று தள்ளப்பட்டன. பிற்பாதி தொடங்கிய பின் ஐந்து நிமிட இடைவெளியில் சவூதியார் இரு கோல்கள் போட்டு வென்றனர். இது குருட்டு வெற்றியன்று. மாற்றான் வலியை நன்கு அறிந்து வகுத்த முறையின் வெற்றி. தோற்றவர் மாண்பும் போற்றற்குரியதே. அத்தோல்வியிற் பாடம் கற்ற அர்ஜெண்டினா, டிசம்பர் 18ஆம் நாள் அதே கோப்பையை வென்றது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆடும் ஆட்டத்தின் பயன் இதுவே. நம் குறையை நமக்குக் காட்டவல்ல எதிரி நமக்கு நண்பன்.

இனி, நம் நாட்டவரே பெயரறியாக் குழுவினராய் நின்ற நாளையும் எண்ணுக. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவிற் பலர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்தனர். சாரங்கபாணி ராமன் கோல் போட்டுக் கணக்கைச் சமன் செய்தார். கிடைத்த இரு பெனால்டிகளையும் நம்மவர் தவறவிட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இரண்டிற்கு ஒன்று என வென்றது. அன்று பிரான்சு, “இவர்க்கு இரண்டாங் குழு போதும்” என்று கருதி ஆடியிருப்பின், அத்தோல்வியை இன்றும் நாம் பெருமையுடன் நினைப்போமா? முழு வலியுடன் எதிர்க்கப்படுவதே ஆடுவோன் பெறும் மரியாதை.

“முதற் குழுவினர் புண்படின் பெரும் போட்டி என்னாவது?” என வினவுவார் கூற்று தள்ளத்தக்கதன்று. விராலிமலைத் தரை நம் திடலைப் போன்ற புல்தரையன்று. காய்ந்து இறுகிய மண். விழுந்தால் முழங்கால் சிராயும். பந்தும் நாம் பழகியதைவிட உயரத் துள்ளும். ஆடிக் காற்றோ அதனைத் தன் போக்கில் இழுக்கும். இவற்றையெல்லாம் அவ்வூரார் நாள்தோறும் அறிவர், நாம் அறியோம். ஆகவே அங்கே பந்தைத் தரையோடு தரையாய்க் குறுகக் கொடுத்து ஆடுதலே நமக்கு நன்று. புதியவர்க்கும் வாய்ப்பளிக்க வேண்டுமெனின், முதற் குழுவினருடன் இருவர் மூவரைச் சேர்த்து ஆடச் செய்க. அது பயிற்சியாகும். குழு முழுவதையும் மாற்றியனுப்புவதோ, “உமக்கு இது போதும்” என்று முகத்திற்கு நேரே கூறுவதாகும்.

விராலிமலையார்க்கு இப்பாடம் புதிதன்று. 2019ஆம் ஆண்டு சனவரியில் அவ்வூர்ச் சல்லிக்கட்டில் 1,300க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. வாடிவாசலில் நிற்கும் இளைஞன், வரும் காளை எவ்வூரது, எத்தனை பரிசு பெற்றது என்று வினவிக்கொண்டு நிற்பதில்லை. அதன் கொம்பையும் திமிலையும் நோக்கி நிற்கின்றான். பெயரறியாச் சிற்றூர்க் காளையென்று கண்ணை அப்பால் திருப்பினவன் மண்ணைக் கவ்வுவான்.

குழுத் தலைவர்க்கும் பயிற்சியாளர்க்கும் எம் வேண்டுகோள் இதுவே: முதற் குழுவை அனுப்புக. அங்கே தொடக்கமுதல் இறுதிவரை முழு முயற்சியுடன் ஆடுக. கோல்கள் மிகினும் எள்ளல் வேண்டா; குறையினும் சாக்கு வேண்டா. ஆட்டம் முடிந்தபின் அவர்களை அடுத்த மாதம் நம் திடலுக்கு அழைத்து வருக. நம் உணவுக்கூடத்தில் அவர்களோடு ஒரு பந்தியில் இருந்து உண்போம்.

இதனைப் படிக்கும் அன்பர்காள்! முடிவு உங்களுக்குத் தெரியும், எமக்குத் தெரியாது. நம் முதற் குழு சென்று தோற்றிருப்பின் அதில் நாணம் இல்லை. இரண்டாங் குழு சென்று வென்றிருப்பின் அவ்வெற்றியை எம் நண்பரிடம் எம்முகத்தோடு சொல்வது என யாம் அறியோம். சனிக்கிழமையன்று யாமும் குழுவுடன் செல்கின்றோம். எங்கு அமர்வது என்று நண்பரைக் கேட்டோம். “என் தமையனாரின் கோலுக்குப் பின்னால் வேப்பமர நிழல் இருக்கிறது, வாரும்” என்றார்.